காதுக்குள் வந்த மைதானம்

கடைசி ஓவர் என்றால் பந்து சசிக்குமாரின் கைக்குத்தான் போகும். ரத்தோட்டை டீமில் பத்து வருஷமாக அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. எதிர்த்தரப்புக்கு ஆறு பந்தில் ஐந்தே ஓட்டம் தேவையாக இருக்கட்டும், மைதானத்தைச் சுற்றிப் பப்பரே வாத்தியம் முழங்கட்டும், மைக்கில் கொமன்ட்ரி சொல்கிறவன் பந்து போடுகிறவனின் பரம்பரையையே இழுத்துக் கிண்டல் பண்ணட்டும், சசிக்குமார் தலையைக் குனிந்தபடி ஒன்பது அடி பின்னால் நடப்பான், திரும்புவான், ஓடி வருவான், மட்டைக்காரனின் கால் நகத்துக்குப் பக்கத்தில் பந்தைக் குத்துவான். சொஃப்ட் போல் கிரிக்கெட்தான், விளையாட்டு ஐந்து ஓவரோ எட்டு ஓவரோதான். ஆனாலும் மாத்தளை மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மைதானங்களுக்குப் போகிற ஆட்களுக்கு அவனைத் தெரியும். "அது மலைக்கல்லு, அசைக்க ஏலாது" என்பார்கள்.

அவனுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேட்காததால்தான் அசையாமல் நிற்கிறான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். சசிக்குமார் அதை ஒப்புக்கொண்டதில்லை. கண் இருக்கிறதே என்பான். மட்டைக்காரன் காலை மாற்றுகிறான், கையைக் காட்டிச் சிரிக்கிறான், சனம் கொடியை ஆட்டுகிறது, எல்லாவற்றையும்தான் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டேதான் போடுகிறேன் என்பான். அந்த நிதானம் தன் மனசால் வந்தது என்று அவன் நம்பியிருந்தான். வாழ்க்கையில் தானாகத் தேடிக்கொண்டது என்று அவனிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற ரோட்டில், ரத்தோட்டை டவுனைத் தாண்டி இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் பிறந்தான். ஏழு வயதில் வந்த காய்ச்சல் பதினொரு நாள் விடவில்லை. மழையில் ரோடு சரிந்து கிடந்ததால் தோட்டத்து லொறி நாலாவது நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. காய்ச்சல் போனபோது கேட்கிற சக்தியில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போனது. பட்டாசு பக்கத்தில் வெடித்தால், லொறி ஹோர்ன் அடித்தால் ஏதோ மொத்தென்று விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பேச்சு மட்டும் தங்கியது. அவனுடைய தாய் சுந்தரம்மா கொழுந்து மலையிலிருந்து வந்ததும் வராததுமாக அவனை எதிரே உட்கார வைத்து, தன் வாயைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி, அவன் பேச்சு தேய்ந்து போகாமல் பார்த்துக்கொண்டாள். வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்க அவன் அப்படித்தான் பழகினான். கிட்ட நின்றால் எதையும் பிடித்துவிடுவான். தூரத்து வாய்கள் அவனுக்கு வெறும் திறப்பும் மூடலும்தான்.

பந்து போடுகிறவனாக அவன் ஆனதே ஒரு விபத்து. மட்டையைக் கொடுத்தால், மறுமுனையில் இருப்பவன் "ஓடு" என்று கத்துவது கேட்காமல் நின்று ரன் அவுட் ஆகிவிடுவான். அதனால் பொடியன்கள் அவன் கையில் பந்தைக் கொடுத்து ஒதுக்கினார்கள். அவனும் பள்ளிக்கூடம் விட்டு நின்ற எட்டாம் வகுப்பிலிருந்து பந்தையே போட்டுக்கொண்டிருந்தான். அடி எண்ணுவது அப்போது பழகியது. மண்ணில் பாதம் விழுகிற அதிர்வை உடம்பால் எண்ணுவான். ஒன்பதாவது அதிர்வில் கை தானாகச் சுழலும்.

டீமின் கப்டன் ரொமேஷ் அவனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். ரத்தோட்டை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறான், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. மைதானத்தில் சசிக்குமாருக்கு எதைச் சொல்வதென்றாலும் ரொமேஷ் கைச்சாடையில்தான் சொல்வான். இரண்டு விரல் என்றால் மெதுவாக, உள்ளங்கை கீழே என்றால் யோக்கர். முதல் தடவை வெளியூர் டோர்னமென்ட் ஒன்றுக்குப் போனபோது, சனமெல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி வாயைத் திறந்து மூடுவதை சசிக்குமார் கவனித்தான். இரண்டு எழுத்து, திரும்பத் திரும்ப. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டு. என்ன சொல்கிறார்கள் என்று ரொமேஷிடம் கேட்டான்.

"வீரான்னு கூப்பிடுறாங்கடா," என்றான் ரொமேஷ்.

அன்றைக்கு சசிக்குமாருக்கு இருபத்திரண்டு வயது. பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கும்போது தன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததை அவனே உணர்ந்தான். அதற்குப் பிறகு எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் அந்த இரண்டு எழுத்தைச் சனத்தின் வாயில் தேடுவான். இருக்கும். கலேவெலயில் இருந்தது, பல்லேபொலயில் இருந்தது.

பிழைப்புக்கு ரத்தோட்டையில் நுஹ்மான் முதலாளியின் சரக்குக் கடை. மலையிலிருந்து வருகிற கராம்பு, மிளகு, சாதிக்காய் எல்லாவற்றையும் காயப்போட்டு, புடைத்து, தரம் பிரிக்கிற வேலை. காது தேவையில்லாத வேலை என்று முதலாளி அதைக் கொடுத்தார். இருபத்தெட்டு வயதில் பல்லேபொல பக்கத்திலிருந்து ரஜிதாவைக் கட்டினான். அவள் எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் முதலில் அவன் கையைத் தொட்டு, முகத்தைத் திருப்பி, அப்புறம்தான் சொல்வாள். மகள் கவிஷ்காவும் நடக்கப் பழகுமுன்னே அதைப் பழகிக்கொண்டாள். அப்பாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினால்தான் அப்பா கேட்பார் என்பது அவளுக்கு உலக வழக்கம் மாதிரி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செப்டம்பர் மாதம், காது கேட்காதவர்களுக்கு மிசின் கொடுக்கிறார்கள் என்று ரஜிதாவிடம் தோட்டத்து மிட்வைஃப் மிஸ் சொன்னாள். மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் முகாம். சசிக்குமாருக்குப் போக விருப்பமில்லை. இருபத்தைந்து வருஷமாக இல்லாதது இனி எதற்கு என்று கேட்டான். ரஜிதா விடவில்லை. பிள்ளை நாளைக்கு ஸ்கூல் போய்ப் பாட்டுப் பாடினால் கேட்க வேண்டாமா என்றாள். அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை.

அஸ்ரா என்று ஒரு மிஸ், தலையில் முக்காடு, மிக இளம் வயது, அவன் காதை இரண்டு மணித்தியாலம் சோதித்தாள். பிறகு காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி ஒன்றை மாட்டி, கொம்பியூட்டரில் ஏதோ தட்டினாள். முதலில் மின்விசிறியின் இரைச்சல் வந்தது. அது மின்விசிறி என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆறு ஒன்று பக்கத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. அஸ்ரா சைகை காட்டியதும் ரஜிதா அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"இங்கதான் நிக்கிறேன்," என்றாள்.

அவன் திரும்பினான். நாலு வருஷம் கூடவே வாழ்ந்தவளின் குரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஏதோ மெல்லிய, நூல் போன்ற குரலைத்தான் அவளுக்குத் தன் மனசில் கொடுத்து வைத்திருந்தான். அழக்கூடாது என்று இருந்தும் அழுகை வந்துவிட்டது. ரஜிதாவும் அழுதாள். அஸ்ரா ஜன்னல் பக்கம் போய் ஏதோ கடதாசி பார்க்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

முதல் மாதங்கள் வீடே வேறு வீடாக இருந்தது. தகரக் கூரையில் மழை விழுந்த அன்று பயந்து மிசினைக் கழற்றிவிட்டான். அடுப்பில் எண்ணெய் பொரிவதும் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நாய் குரைப்பதும் ஒரே உயரத்தில் காதுக்குள் வந்து விழுந்தன. மெல்ல மெல்லத்தான் எது கிட்ட, எது தூரம் என்று பிரிந்தது. மகள் அடுப்படிக் குசினிக்குள் இருந்துகொண்டு "அப்பா" என்று கூப்பிட்டால் வாசலில் இருந்து பதில் சொல்ல முடிந்தது. நுஹ்மான் முதலாளி அவனைப் புடைக்கிற இடத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டு வந்து, தராசையும் போனையும் ஒப்படைத்தார். தோட்டத்துச் சனம் எல்லாம் அவனிடம் வந்து, கேட்குதா கேட்குதா என்று உரக்கப் பேசிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மைதானத்தில் மட்டும் மிசினைக் கழற்றி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். ஓடும்போது காற்று அதற்குள் புகுந்து சீறியது. ரொமேஷ் கேட்கவில்லை. இனிமேல் கெட்ச் கூப்பிட்டால் கேட்கும், எம்பயர் நோ போல் சொன்னால் கேட்கும், ரன் அவுட் ஆகாமல் மட்டையும் பிடிக்கலாம், போட்டுக்கொண்டே விளையாடிப் பழகு மச்சான் என்றான். அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். தோட்டத்து மைதானத்தில் இரண்டு மூன்று சின்ன மெச் நடந்தது. ஆள் குறைவு. அங்கே நின்றவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், அவனுக்குக் காது வந்துவிட்டது என்று அறிந்தவர்கள். காற்றுச் சீறலோடு சமாளித்தான். தன் பாதச் சத்தம் காதில் விழுவது எண்ணிக்கையைக் கொஞ்சம் குழப்பியது. பழகிவிடும் என்று நினைத்தான்.

அடுத்த ஏப்ரலில், புதுவருஷம் முடிந்த கையோடு பல்லேபொலயில் பெரிய டோர்னமென்ட். இறுதி ஆட்டத்துக்கு ரத்தோட்டையும் கலேவெலயிலிருந்து வந்த ஒரு டீமும் வந்தன. வயலை அறுத்த இடத்தில் பந்தல், இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், நாலு புறமும் சனம். கடைசி ஓவரில் கலேவெல டீமுக்குப் பன்னிரண்டு ஓட்டம் தேவை. ரொமேஷ் பந்தை சசிக்குமாரிடம் எறிந்தான்.

அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதும் சனத்தின் சத்தம் எழுந்தது. இத்தனை வருஷமும் கண்ணால் மட்டும் பார்த்த அந்த இரண்டு எழுத்து முதல் தடவையாகக் காதுக்குள் வரப்போகிறது என்று அவனுக்கு ஒரு ஆசைகூட இருந்தது. தலையை நிமிர்த்திக் கேட்டான்.

"பீரா, பீரா, பீரா."

முதலில் மிசினில் கோளாறோ என்று தோன்றியது. விரலால் காதுக்குப் பின்னால் அமுக்கிவிட்டுக் கொண்டான். மறுபடி அதே சத்தம், தாளத்தோடு, கைதட்டலோடு. சிங்களத்தில் பீரா என்றால் செவிடன். அந்தச் சொல் அவனுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் ஒருவன் அதைச் சொல்லிச் சிரித்ததற்கு அவன் பல்லை உடைத்தவன் சசிக்குமார். அப்போது இருவரையும் பிரித்து விட்டது ரொமேஷ். மைக்கில் கொமன்ட்ரிக்காரனும் சனத்தோடு சேர்ந்துகொண்டான். ரத்தோட்டை பீரா வருகிறார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னான். அவன் குரலில் பகை எதுவும் இல்லை, உற்சாகம்தான் இருந்தது. தங்கள் டீமோடு லொறியில் வந்த பொடியன்கள் நிற்கிற மூலையிலிருந்துதான் சத்தம் அதிகமாக வந்தது.

சசிக்குமார் ரொமேஷைப் பார்த்தான்.

"என்னா கத்துறாங்க?"

"ஒன்னுமில்ல. நீ போடு."

"பீரான்னுதானே?"

ரொமேஷ் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு பழைய பழக்கத்தில் உள்ளங்கையைக் கீழே காட்டினான், யோக்கர் போடு என்று.

ஓடி வந்தான். அடியை எண்ணப் பார்த்தான். ஐந்தாவதுக்குப் பிறகு சனத்தின் தாளம் அவன் எண்ணிக்கைக்குள் புகுந்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பந்து வெளியே போனது. வைட். அடுத்ததைக் கால் பக்கம் போட்டான். அதுவும் வைட். கீப்பர் ஏதோ கத்தினான், மட்டைக்காரன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான், எல்லாம் ஒன்றாகக் குழம்பி வந்தது. சசிக்குமார் மிசினைக் கழற்றி எம்பயரின் கையில் கொடுத்தான்.

அமைதி வந்தது. பழைய அமைதி. அப்பாடா என்று இருந்தது ஒரு கணம். திரும்பி நின்று நிமிர்ந்தபோது, நாலு புறமும் வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்தான். இரண்டு எழுத்து. ஒவ்வொரு வாயிலிருந்தும் அது கேட்டது. காதில் மிசின் இல்லை, ஒரு சத்தமும் இல்லை, ஆனாலும் கேட்டது. பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையின் வாய்கூட அதைத்தான் சொன்னது. இத்தனை மைதானங்களில், இத்தனை வருஷம், முதுகை நிமிர்த்திக்கொண்டு தான் நடந்தது அவன் கண்முன்னால் வந்து நின்றது.

முழங்கால் உயரத்துக்கு வந்த பந்தை மட்டைக்காரன் நாலுக்கு அடித்தான். அடுத்தது எப்படியோ சரியாக விழுந்தது. பழைய மாதிரியே, கால் நகத்தில், ஓட்டம் இல்லை. ரொமேஷ் ஓடி வந்து முதுகில் தட்டினான். இன்னும் ஆறு ஓட்டம், நாலு பந்து. சனம் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தது. அதற்கடுத்த பந்து கையைவிட்டு எப்போது போனது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அது ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலால் போய் ரோட்டில் விழுந்தது.

லொறியில் திரும்பி வரும்போது யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. மிசினை அவன் சேர்ட் பொக்கட்டில் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தான். ரொமேஷ் தட்டிக் கூப்பிட்டும் முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ரொமேஷ் கடைக்கு வந்தான். ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு, கராம்பு காய்கிற சாக்குக்குப் பக்கத்தில் குந்தினான். முதன்முதலில் நீ கேட்ட அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு நின்றிருப்பாய், மெச் கெட்டுப் போயிருக்கும், அதனால்தான் வீரா என்று சொன்னேன் என்றான். பிறகு எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான்.

"பாசத்துலதான் கத்துறாங்க மச்சான். ஒன்னப் புடிக்கும்னுதான். அவங்களுக்கு அதுதான் ஒன் பேரு."

"எத்தன வருஷமா?"

"மொதல் டோர்னமென்ட்லேர்ந்து."

சசிக்குமாருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்தான். ரொமேஷ் சொன்னது பொய் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. அந்தச் சத்தத்தில் வெறுப்பு இருக்கவில்லை, தன் காதாலேயே கேட்டான். பல்லை உடைக்கலாம் என்றால் யாருடைய பல்லை உடைப்பது. அவனை நேசித்த சனம்தான் அந்தப் பெயரால் அவனை நேசித்தது. சாக்கைக் குலுக்கிக் கராம்பைப் பரப்பிக்கொண்டே, சரிடா விடு என்றான்.

விட முடியவில்லை. மே மாதம் விளையாடிய இரண்டு மெச்சிலும் பந்து அவன் சொல் கேட்கவில்லை. மிசினோடு போட்டுப் பார்த்தான், கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான், காதுக்குள் பஞ்சு வைத்தும் பார்த்தான். வேலை முடிந்து வருகிற பொழுதுகளில் தோட்டத்து மைதானத்தில் ஒற்றைத் தடியை நட்டுவிட்டுப் போடுவான். ரஜிதா மறுமுனையில் நின்று பந்தைப் பொறுக்கி எறிவாள். அங்கே பத்துக்கு ஏழு பந்து தடியில் படும். அவள் கைதட்டுவாள். ஆள் யாராவது ரோட்டில் நின்று பார்த்தால் போதும், எட்டாவது அடியில் கை பூட்டிக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிசினைக் காட்டுவதற்குப் போக வேண்டும். அந்த முறை போனபோது அவன் அஸ்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ரஜிதாவிடம்கூட அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. மைதானத்தில் மட்டும் சனத்தின் சத்தம் வராத மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டான். அவள் கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தாள். அண்ணன் என்பதை அவள் வாய் நானா என்றுதான் சொல்லும்.

"காத்துச் சத்தத்தக் கொறைக்கலாம், நானா. ஆக்கள்ட சத்தத்த மட்டும் எடுக்க ஏலா. அதோட நீங்க கழட்டினாலும் கேக்குதுன்னு சொல்றீங்க. அதுக்கு என்கிட்ட ஒன்னும் இல்ல."

காற்றுச் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தாள். மெய்தான், ஓடும்போது சீறல் நின்றுவிட்டது. அதனால் மற்றச் சத்தங்கள் இன்னும் தெளிவாகக் கேட்டன.

ஆகஸ்ட்டில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு மெச் வைத்தார்கள். தோட்டத்துப் பொடியன்களும் ரத்தோட்டை பஜார் பொடியன்களும் மோதுகிற விளையாட்டு, வெற்றி தோல்வி பெரிதில்லை. அன்றைக்குத் தோட்டத்துப் பக்கம் சேர்ந்து நின்ற ரொமேஷ், சசிக்குமார் போடுவதற்கு மூன்றாவது ஓவரைக் கொடுத்தான். பந்தை வாங்கிப் பின்னால் நடந்தபோது அவனுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. பறை நின்றுவிட்டது. மைக்கை நிறுத்திவிட்டார்கள். மைதானத்தைச் சுற்றி நின்ற இருநூறு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ரொமேஷ் காலையிலேயே ஒவ்வொரு கூட்டமாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறான் என்பது பார்த்ததும் விளங்கியது.

அந்த அமைதியில் அவனுக்கு எல்லாம் கேட்டது. காக்கை கேட்டது. ரோட்டில் பஸ் கியர் மாற்றுவது கேட்டது. ஒரு பிள்ளை, ஏம்மா எல்லாரும் சும்மா நிக்கிறாங்க என்று கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தி உஷ் என்று சொன்னதும் கேட்டது.

மூன்று பந்து வைட். நாலாவது, மெதுவாக, நேராக, ஆள் அடிக்கிறதற்கென்றே நெய்து கொடுத்த மாதிரி விழுந்தது. மட்டை பிடித்தவன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற றஹீம், நல்ல அடிகாரன். றஹீம் மட்டையை வீசினான். பந்துக்கு ஒரு முழம் மேலால் வீசினான். பந்து உருண்டு போய்த் தடியைத் தட்டியது.

மைதானம் வெடித்தது. பறை அடித்தார்கள். பொடியன்கள் ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடித்தார்கள். றஹீம் தலையைக் குனிந்தபடி, ஏமாந்து போனவன் மாதிரி நடித்துக்கொண்டு நடந்து போனான். போகும்போது அவன் கண் ஒரு தடவை சசிக்குமாரைத் தொட்டுவிட்டு விலகியது. எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சிரித்தார்கள்.

சசிக்குமாரும் சிரித்தான். வேறு என்ன செய்வது. மிச்சப் பந்துகளை அவன் போடவில்லை. தோள் வலிக்கிறது என்று சொல்லி எம்பயரின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றான். ஆட்டம் முடியும் வரை நின்றான். பிறகு சாப்பாட்டுக்கும் இருந்தான். எல்லோரும் அவனை வாய் நிறைய "சசி, சசி" என்று கூப்பிட்டார்கள். அன்றோடு மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டான்.

இதை யாரும் கேட்டால் வேலை கூடிப்போச்சு என்பான். அதிலும் பொய் இல்லை. முதலாளிக்கு வயதாகிவிட்டதால் கடையின் பாதிப் பொறுப்பு அவன் தலையில்தான். கண்டி, தம்புள்ளை என்று எங்கிருந்து போன் வந்தாலும் அவன்தான் பேசுகிறான். மகள் முன்பள்ளியில் பாடிய பாட்டையும் போய்க் கேட்டுவிட்டு வந்தான். மிசினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அதுதான் அவனுக்கு விளங்காமல் இருந்தது. யாராவது வேண்டுமென்றே ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்திருந்தால் அவரை நோகலாம். இதில் யாரை நோவது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். கீழே மைதானத்தில் டோர்னமென்ட். மைக் சத்தம் பள்ளத்திலிருந்து தேயிலைக்கு மேலால் ஏறி லயம் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, யார் போடுகிறார், யார் அடிக்கிறார், எத்தனை ஓட்டம் என்று. அவன் நகவெட்டியை நிறுத்தினான்.

"இது எப்பவும் இங்க வரைக்கும் கேக்குமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

ரஜிதா குசினி வாசலுக்கு வந்தாள். ஈரக்கையைத் துணியில் துடைத்தபடி நின்றாள். அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"கேக்கும்," என்றாள்.

"நான் போட்ட நாள்லயும்?"

"ம்."

அவள் படியில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணம் கட்டி வந்த முதல் ஞாயிறே கேட்டேன் என்றாள். அழுதேன். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்து, எல்லாரும் என்னை வீரான்னு கூப்பிட்டாங்க என்று சொன்னீர்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். எப்படிச் சொல்வேன் என்றாள். சொல்லும்போது, பழைய பழக்கத்தில், அவன் கையைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவன் தலையை ஆட்டினான். அவளிடமும் கோபப்பட ஒன்றும் இல்லை. கவிஷ்கா மிச்ச விரல்களை நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாக வெட்டினான்.

கீழே கடைசி ஓவர் வந்தது. எதிர்த்தரப்புக்கு எட்டு ஓட்டம் தேவை. ரத்தோட்டைக்காக யாரோ புதிய பையன் போடுகிறான் என்று மைக்கில் பெயர் சொன்னார்கள். சசிக்குமாருக்கு அவனைத் தெரியாது. ரஜிதா அவன் காதுப் பக்கம் பார்த்தாள். வேண்டுமென்றால் கழற்றி வைக்கலாமே என்று அவள் கேட்க நினைத்தது தெரிந்தது. அவன் கழற்றவில்லை. நகவெட்டியைப் படியில் வைத்துவிட்டு, முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முதல் பந்து ஓட்டமில்லை. இரண்டாவது வைட் என்றார்கள். சனம் ஏதோ கத்தியது. இவ்வளவு தூரத்தில் என்ன சொல் என்று பிரியவில்லை. சசிக்குமாரின் வலது கை முழங்காலுக்கு மேல் கிடந்தபடி, இல்லாத ஒரு பந்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தலையக் குனிடா," என்றான் மெதுவாக. மகள் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.